கிளச் மிதி தரையோடு இறங்குகிறதா? கியர்பொக்ஸைக் கழற்றுமுன் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

அண்ணன், நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பழைய கொரோலா 110 கார் ஒன்று வைத்திருக்கிறேன், மெனுவல் கியர். கொஞ்ச நாளாகக் கிளச் மிதி பாதிவரை வெறுமனே இறங்குகிறது. இரண்டு மூன்று தரம் பம்ப் பண்ணினால்தான் கியர் விழுகிறது. காலையில் ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று சத்தம். கிளச் ஒயிலும் டப்பாவில் குறைந்துகொண்டே போகிறது. கராஜில் காட்டினேன். கியர்பொக்ஸை இறக்கிக் கிளச் பிளேட் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர், அது ஸ்லேவ் சிலிண்டராகத்தான் இருக்கும், வீட்டிலேயே மாற்றலாம் என்கிறார். என்னிடம் ஸ்பனர் செட் இருக்கிறது, மச்சானும் உதவிக்கு வருவார். நாங்கள் இருப்பது லயத்தில். கார் நிற்பது மேலே, சரிவான ரோட்டோரத்தில். நாங்களே செய்யலாமா? அடுத்த ஞாயிறு பதுளையில் ஒரு கலியாணம் இருக்கிறது. அதுவரைக்கும் இப்படியே பம்ப் பண்ணி ஓடலாமா?

பதில்:

தம்பி, செய்யலாம். உங்கள் காரில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பொக்ஸுக்கு வெளியே, முன்பக்கமாக இருக்கிறது. இரண்டு போல்ட்டும் ஒரு குழாய் நட்டும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. ஸ்பனர் பிடித்துப் பழகியவருக்கு ஒரு காலைப்பொழுது வேலை. ஆனால் கார் நிற்பது சரிவில் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னை யோசிக்க வைத்தது அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கோளாறு எதில் என்று பார்த்துவிடுவோம்.

கிளச் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, பிடிக்காமல் போவது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது அக்ஸிலேட்டரை அழுத்தினால் இஞ்சின் மட்டும் இரைகிறது, கார் இழுக்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. மற்றது, விடாமல் போவது. மிதியை முழுதாக மிதித்தும் கியர் விழுவதில்லை, ரிவர்ஸில் பல் அரைகிறது, பம்ப் பண்ணினால் சரியாகிறது. பிளேட் தேய்ந்த கார் இப்படி நடந்துகொள்ளாது. மிதியின் பலம் பிளேட் வரைக்கும் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகை. ஒயிலும் குறைகிறது என்று சொல்கிறீர்கள். பிளேட் ஒயில் குடிக்காது.

மிதிக்கு மேலே ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர்பொக்ஸில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர். இரண்டு ஊசிச் சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒன்றை அமத்தினால் மற்றது வெளியே வரும் இல்லையா, அதே வேலைதான் இங்கேயும். ஸ்லேவிலிருந்து வெளியே வருகிற கம்பி ஒரு ஃபோர்க்கைத் தள்ளும், அது ரிலீஸ் பெயாரிங்கை அமத்தும், பிளேட் விடுபடும். நடுவில் எங்காவது ஒயில் கசிந்தாலோ காற்றுப் புகுந்தாலோ, நீங்கள் மிதிக்கிற மிதி காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

கராஜ்காரர் சொன்னதை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். புதிய வாகனங்கள் பலவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பொக்ஸுக்கு உள்ளே, ஷாஃப்ட்டைச் சுற்றி வளையமாக இருக்கும். அது கசிந்தால் கியர்பொக்ஸை இறக்காமல் வழியில்லை. இறக்குகிற செலவே பெரிது என்பதால் பிளேட்டையும் கையோடு மாற்றுவார்கள், அது நியாயம். உங்கள் காரில் அப்படி இல்லை. ஏற்றத்தில் இழுவை சரியாக இருக்கிறதென்றால் பிளேட்டை இப்போது தொட வேண்டியதில்லை.

சரி, ஸ்லேவ்தானா என்று நீங்களே பார்க்கலாம். பொனட்டைத் திறந்து, ஸ்லேவின் நுனியில் கம்பியைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையின் விளிம்பை விரலால் மெதுவாக விலக்குங்கள். உலர்ந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து கறுப்பாக ஒயில் வழிந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பழைய காரில் எல்லா இடமும் ஒயிலாகத்தானே இருக்கும், இது எந்த ஒயில் என்று கேட்பீர்கள். ஒரு வெள்ளைத் துணியில் தொட்டு எடுத்து, அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கிளச்சுக்கு ஊற்றுவதும் பிரேக் ஒயில்தான், அது என்றால் தண்ணீரோடு கலந்து பரவிவிடும். இஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் கலக்காது, தண்ணீர் முத்து முத்தாக மேலே நிற்கும்.

அடுத்து, காருக்குள் போய்க் கிளச் மிதிக்கு மேலே, மாஸ்டரின் கம்பி சுவரைத் துளைத்துப் போகிற இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தாலோ கீழே கார்ப்பெட் பிசுபிசுத்தாலோ மாஸ்டரும் கசிகிறது. இரண்டும் ஒரே வயசு என்பதால் ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கும். மூன்றாவதாக, மச்சானை மிதிக்கச் சொல்லிவிட்டு ஸ்லேவின் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டி நன்றாகத் தள்ள வேண்டும். நகர்வு குறைவென்றால் கோளாறு ஒயில் பாதையில். முழுதாகத் தள்ளியும் கியர் விழவில்லை என்றால் கோளாறு உள்ளே, ஃபோர்க்கிலோ பெயாரிங்கிலோ பிரஷர் பிளேட்டிலோ இருக்கிறது. அப்போது கராஜ்காரர் சொன்னதுதான் சரி, வாதாடாமல் காரைக் கொண்டுபோய் விடுங்கள்.

வெளியே ஒரு சொட்டும் கசியாமல், டப்பாவிலும் குறையாமல், மிதி மட்டும் மெல்ல மெல்ல அமிழ்ந்தால் பெரும்பாலும் மாஸ்டரின் உள் ரப்பர்தான். உங்கள் கதை அது இல்லை, ஆனாலும் தெரிந்துவைத்திருங்கள். ஸ்லேவை மாற்றிய பிறகும் மிதி அமிழ்ந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

சாமான் வாங்குவதற்கு வருவோம். கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும்: ரப்பர் கிட் மட்டும், அல்லது முழுச் சிலிண்டர். கிட் மலிவு என்பதால் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். என் யோசனை, முழுச் சிலிண்டரையே வாங்குங்கள். பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நம் மலைநாட்டில் வருடத்தில் பாதி மாதம் மூடுபனியும் மழையுமாக இருக்கிறது. ஈரமும் அழுக்கும் சேர்ந்து பாதையின் மிகத் தாழ்வான இடத்துக்கு இறங்கும், அதுதான் ஸ்லேவ். பலர் பிரேக் ஒயிலையாவது எப்போதாவது மாற்றுவார்கள், கிளச் ஒயிலைக் கார் வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள். பழைய சிலிண்டரைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் சுவரில் குண்டூசித் தலை அளவு பள்ளங்கள் தெரியும். அந்தப் பள்ளத்தில் புது ரப்பரைப் போட்டால் அதுவும் சீக்கிரமே கிழிந்துவிடும். சுவர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தால் மட்டும் கிட் போடலாம். ஆனால் அதைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரியும், அந்த நேரம் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குக் கடைக்கு ஓட முடியாது.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்கு மதிப்புக் கூடியது, அவற்றின் சாமானுக்கும்தான். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமானாகவும் எடுக்கலாம். கதவு, கண்ணாடி, கியர்பொக்ஸ்கூட அங்கே எடுங்கள், குறை சொல்ல மாட்டேன். பழைய ஸ்லேவை மட்டும் எடுக்காதீர்கள். மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்த ரப்பரை நம்பி மலையில் ஓட முடியாது. புதிதில் ஐசின் மாதிரி பெயருள்ள தயாரிப்பாகப் பாருங்கள். வாங்குமுன் வாகனத்தின் சேசி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். கொரோலா 110 என்று மட்டும் சொன்னால் பெற்றோலா டீசலா என்பதைப் பொறுத்துச் சாமான் மாறக்கூடும். சிலிண்டர் உடம்பில் உள்விட்ட அளவு பொறித்திருக்கும். பழையதில் இருப்பதும் புதியதில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். விட்டம் பெரிதானால் கம்பியின் நகர்வு குறையும், திரும்பவும் கியர் அரைக்கும், நீங்கள் எயார் போகவில்லை என்று நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒயில், டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே. பெரும்பாலும் டொட் 3 என்கிற பிரேக் ஒயில் வகை. அதற்கு டொட் 4 போட்டாலும் பரவாயில்லை, இரண்டும் கலக்கும். டொட் 5 சிலிக்கன் வகை, அது கலக்காது, வேண்டாம். பவர் ஸ்டியரிங் ஒயிலோ இஞ்சின் ஒயிலோ அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மாஸ்டர், ஹோஸ், ஸ்லேவ் மூன்றையும் மாற்ற வேண்டி வரும். வீட்டில் போன வருடம் திறந்து பாதி மிஞ்சிய போத்தல் இருந்தால் அதையும் விடுங்கள். புது டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். ஈரம் ஏறியபின் அது 140 பாகைக்கு இறங்கிவிடலாம். கிளச்சுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் சில கார்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே டப்பாதான், உங்களுடையது எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே டப்பா என்றால் நீங்கள் ஊற்றுவது பிரேக்குக்கும் சேர்த்து, குறைந்துகொண்டிருப்பதும் பிரேக்குக்கும் சேர்த்து.

இப்போது அந்தச் சரிவு விஷயம்.

சரிவில் நிறுத்தும்போது நம் ஆட்கள் முதலாம் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். பழைய காரில் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுபட்டு அரைகுறையாகத்தான் பிடிக்கும். மீதியைப் பிடித்துக்கொண்டிருப்பது கியர். கார் உருளாததால் அது யாருக்கும் தெரிவதில்லை. இப்போது எயார் எடுக்கும் வேலையை, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதை நினைத்துப் பாருங்கள். மச்சான் உள்ளே இருந்து கிளச்சை மிதிக்கிறார். நீங்கள் காருக்கு முன்னால் குனிந்து, காற்று வெளியேற ஸ்லேவில் இருக்கிற சின்னத் திருகை, அந்த நிப்பிளை, திறந்து மூடுகிறீர்கள். ஆரம்பத்தில் ஒன்றும் நடக்காது, குழாய் நிறையக் காற்றுத்தானே. எயார் எல்லாம் போய், வேலை சரியாக முடிகிற அந்த மிதியில்தான் கிளச் விடுபடும். கிளச் விடுபட்டால் இஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பு இல்லை. அதுவரை கியரில் நின்ற கார் அந்த நொடியே உருளும். முன்னால் நிற்பது நீங்கள்.

ஜக் போட்டு முன்பக்கத்தைத் தூக்கினால் நிலைமை இன்னும் மோசம். உங்களுடையது முன்சில்லு இழுக்கிற கார். முன்சில்லு இரண்டும் அந்தரத்தில் தொங்கினால் கியர் எதையும் பிடிக்காது. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லுகளை மட்டும்.

அதனால் ரோட்டோரத்தில் இந்த வேலை வேண்டாம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் சமதரை இருக்கும், ஞாயிற்றுக்கிழமையோ போயா தினத்திலோ அங்கே யாரும் வர மாட்டார்கள். பாடசாலை மைதானம் இருந்தால் இன்னும் நல்லது, நீங்களே ஆசிரியர், அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டப்பாவை நிரப்பிக்கொண்டு மெதுவாக அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, காரைப் பின்னாலிருந்து இரண்டு பேராகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். அசையாவிட்டாலும் பின்சில்லு இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். உருண்டைக் கல் வேண்டாம், ஆப்பு மாதிரி வெட்டிய மரக்கட்டை. வேலை முடியும்வரை கார் நியூட்ரலிலேயே நிற்கட்டும். அப்போது அதைப் பிடித்திருப்பது எது என்பதில் சந்தேகமே இருக்காது.

இன்னொன்று, பெட்டரியையும் எயார் கிளீனர் பெட்டியையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் மேலிருந்தே ஸ்லேவுக்குக் கை எட்டும். கொஞ்சம் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். காருக்குக் கீழே போகாமலே முடிக்கப் பாருங்கள். போகத்தான் வேண்டுமென்றால் ஸ்டாண்ட் இல்லாமல் போகாதீர்கள். செங்கல், கருங்கல், பழைய ரிம் எதுவும் ஸ்டாண்ட் ஆகாது.

வேலைக்கு முதல் நாள் இரவே குழாய் நட்டுக்கும் நிப்பிளுக்கும் டபிள்யூ.டி. 40 அடித்து ஊறவிடுங்கள். பெட்டரியில் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். டப்பாவில் இருக்கிற பழைய ஒயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூடிக்கு அடியில் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து இறுக்குங்கள். காற்றுப் போகாததால் கீழே குழாயைத் திறக்கும்போது ஒழுகல் குறையும். பெயின்ட் உள்ள இடத்தில் பழைய துணி போட்டு மூடுங்கள். இந்த ஒயில் பெயின்ட்டை உரித்துவிடும். பட்டுவிட்டால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதலில் தளர்த்த வேண்டியது குழாய் நட்டை. சிலிண்டர் இறுக்கமாகப் பூட்டியிருக்கும்போதுதான் நட்டைத் திருப்பப் பலம் கிடைக்கும். போல்ட்டுகளை முதலில் கழற்றிவிட்டால் சிலிண்டரும் நட்டும் சேர்ந்து சுற்றி, குழாய் முறுக்கிக்கொள்ளும். சாதாரண வாய் ஸ்பனர் போட்டால் நட்டின் மூலைகள் தேய்ந்து உருண்டுவிடும். குழாய் நுழைய ஒரு பக்கம் வெட்டுவிட்ட ரிங் ஸ்பனர் கடையில் கிடைக்கும், பெரும்பாலும் 10 நம்பர். உங்கள் செட்டில் அது இருக்காது. இந்த வேலைக்காக நீங்கள் புதிதாக வாங்க வேண்டிய ஒரே ஆயுதம் அதுதான், சாமான் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். நட் தளர்ந்ததும் 12 நம்பரால் இரண்டு போல்ட்டையும் கழற்றினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். அது வெளியே இருக்கும்போது யாரும் கிளச்சை மிதிக்கக் கூடாது.

புதியதைப் பூட்டும்போது எல்லோருக்கும் வருகிற ஆசை, போல்ட்டை முதலில் போட்டு நிறுத்திவிட்டுக் குழாயைப் பூட்டலாம் என்பது. கழற்றிய முறையை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். சிலிண்டர் கையில் சுதந்திரமாக ஆடும்போதே குழாய் நட்டை விரலால் பிடித்து, நாலைந்து சுற்று இலகுவாக ஏறும்வரை திருப்புங்கள். இரண்டாம் சுற்றிலேயே இறுகினால் புரி மாறி ஏறுகிறது, கழற்றித் திரும்பப் பிடியுங்கள். அங்கே ஸ்பனரைப் போட்டுப் பலத்தைக் காட்டினால் புதுச் சிலிண்டரின் புரி போய்விடும், கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டார். விரலால் ஏறியபிறகு, கம்பியின் நுனி ஃபோர்க்கின் குழியில் உட்கார்ந்ததைப் பார்த்து, போல்ட்டுகளைப் பூட்டி, கடைசியாகக் குழாய் நட்டை இறுக்குங்கள். ஃபோர்க்கில் கம்பி உட்காரும் குழிக்குத் துளி கிரீஸ் தடவலாம், ரப்பர் உறைக்குள் போகாமல்.

எயார் எடுக்க மீன்தொட்டிக்குப் போடுகிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் போதும். நுனியை வெந்நீரில் நனைத்தால் நிப்பிளில் ஏறிக்கொள்ளும். மறுநுனி, கொஞ்சம் ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பொலித்தீனை எடுத்துவிட்டு, டப்பாவை நிரப்பி, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பாதிக் காற்று தானாகவே இறங்கிவிடும். அப்புறம் மிதி. மச்சான் மிதித்து, தரையோடு பிடித்துக்கொண்டு "பிடிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் நீங்கள் நிப்பிளைத் திறப்பீர்கள். குழாயில் குமிழி ஓடும். மூடுவீர்கள். மூடிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பும். இந்த வேலை நாள் முழுக்க இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சாமானைக் குறை சொல்வார்கள், தவறு காலில் இருக்கும். டப்பாவை ஐந்தாறு மிதிக்கு ஒரு தரம் பாருங்கள். அது வற்றினால் மேலிருந்து புதிதாகக் காற்றுப் புகுந்து, ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

குமிழி நின்ற பிறகும் மிதி தொளதொளவென்று இருந்தால் சிலிண்டருக்குள் ஒரு மூலையில் காற்றுத் தங்கியிருக்கிறது. குழாயைக் கழற்றாமல் இரண்டு போல்ட்டை மட்டும் எடுத்து, நிப்பிள் மேலே பார்க்கும்படி சிலிண்டரைக் கையில் பிடித்து, கம்பியை உள்ளே மெதுவாகத் தள்ளித் தள்ளி விடுங்கள். காற்று வந்த வழியே ஏறி டப்பாவில் குமிழியாக வெளியே போகும். தள்ளும்போது டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிளை இறுக்குவதில் வீரம் வேண்டாம். அது சின்னச் சாமான், முறிந்தால் தலையிடி.

எல்லாம் பூட்டி, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கிளச்சை மிதித்து இரண்டு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். இது வரைக்கும் கட்டைகள் அப்படியே இருக்கட்டும். மிதியின் மேற்பகுதியில், பலம் பிடிக்குமுன், கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். துளிகூட இல்லையென்றால் மிதியை விட்ட பிறகும் கிளச் முழுதாகப் பிடிக்காமல் இருக்கலாம். அப்படியே ஓடினால் பிளேட் தேயும். மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் உறையின் விளிம்பையும் குழாய் நட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.

வடித்த பழைய ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். நம் லயங்களில் கானும் பீலியும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மூடியுள்ள போத்தலில் அடைத்து, பழைய ஒயில் எடுக்கிற சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வாசலில் வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்தால் விஷம்.

கடைசியாகக் கலியாணம். பம்ப் பண்ணிக்கொண்டு பதுளைக்குப் போகாதீர்கள். டிக்கோயா, தலவாக்கலை வரைக்கும் ஒருவேளை சமாளிப்பீர்கள். நுவரெலியா தாண்டி ஹக்கலையிலிருந்து வெலிமடைக்கு இறங்கும்போது கிளச் முழுதாகக் கைவிட்டால் என்ன செய்வீர்கள்? நியூட்ரலுக்கு எடுப்பது சுலபம், எடுத்த பிறகு திரும்பக் கியர் விழுவது கஷ்டம். இஞ்சின் பிடிப்பு இல்லாமல் முழு இறக்கத்தையும் பிரேக்கிலேயே இறங்க வேண்டி வரும். மதியத்துக்குப் பின் அங்கே மூடுபனி இறங்கினால் சொல்லவே வேண்டாம். எப்போதாவது வழியில் அப்படி ஆகிவிட்டால் இருக்கிற கியரிலேயே காரை விடுங்கள், கியர் லீவரைத் தொடாதீர்கள். கிளச் போனால் இஞ்சினும் பிரேக்கும் போகவில்லை. மெதுவாகப் பிரேக் பிடித்து, மேட்டுப் பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள், இஞ்சின் குலுங்கி நிற்கும், நிற்கட்டும். இறங்கிக் கட்டை வையுங்கள்.

இந்த வாரத்துக்குள் சாமான் கிடைத்து, வேலையும் முடிந்து, இரண்டு மூன்று நாள் பாடசாலைக்கு ஓடியும் உறை உலர்ந்தே இருந்தால் காரில் போய் வாருங்கள். கிடைக்காவிட்டால் ஹட்டனிலிருந்து ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஓடினால் பதுளைக்கு நேரே போய்விடலாம், மச்சானும் கால்வலியில்லாமல் உட்கார்ந்து வருவார்.